ஆடி வரைக்கும் பென்சில்

எனக்கு அந்த வயதில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதையும் கெடு தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே முடித்துக் கொடுத்துவிடுவேன். நூலகப் புத்தகம், திருத்திய விடைத்தாள், வருகைப் பதிவு, எதுவானாலும் சரி. எங்கள் கல்லூரி ஹெட் கிளார்க் மற்ற விரிவுரையாளர்களிடம் என்னைக் காட்டி, "அந்தம்மாவைப் பாத்துக் கத்துக்குங்க சார்" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தப் பழக்கம் ஒரு நல்ல மனுஷருடைய வேலையைத் தின்றது. அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

காஞ்சிபுரத்தில் அரசு மானியத்தில் ஓடிய ஒரு கல்லூரியில் நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வீடு சின்ன காஞ்சிபுரத்தில். அப்பா பெருமாள் சந்நிதியில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் ஒருவர். எங்கள் வீட்டுப் பெண்களில் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். முப்பத்தொரு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. "பாவம், வேலைக்காவது போகிறாளே" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசுவார்கள். அந்த ‘ஆவது’ என்ற சொல்லின் மேல்தான் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆசிரியர் அறையில் என் மேசைக்குப் பக்கத்து மேசை லாஜிக் சாருடையது. தர்க்கம் நடத்துவதால் கல்லூரி முழுக்க அவருக்கு அதுதான் பெயர். தத்துவத் துறை என்று வெளியே பலகை தொங்கும். உள்ளே ஒரு மேசை, கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி, அவர். துறை அவ்வளவுதான். தாமலில் விவசாயக் குடும்பம். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது சில நாள் அவர் செருப்பில் சேறு இருக்கும். அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனாலும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார்.

அவர் வகுப்பு எடுக்கும்போது வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். "காஞ்சிபுரத்துப் புடவை எல்லாம் பட்டு. இந்தா, இது பட்டு. அதனால இது காஞ்சிபுரத்துப் புடவை. சரியா, தப்பா?" என்பார். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் சிரிப்பார்கள். "பெனாரஸும் பட்டுதானே சார்!" என்று நாலு குரல் வரும். "அவ்ளோதான். லாஜிக் முடிஞ்சுபோச்சு, வீட்டுக்குப் போங்க" என்பார். யாரும் போக மாட்டார்கள்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் வராத மாணவர்களுக்கு மையால் ‘ஏ’ போட மாட்டார். பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். ஜூன் மாசம் கல்லூரி திறந்து மூன்று வாரத்தில் அவர் பதிவேடு முழுக்கப் புள்ளியாக இருக்கும். "என்ன சார், இதிலே கோலம் போடப் போறீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஆடி வரைக்கும் பென்சில்தாம்மா. அப்புறம் மை" என்றார். சோம்பேறித்தனத்துக்கு மனுஷன் மாசம் வேறு குறித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் ஆடி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடிகிற பதில்தான் அது.

பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு கல்லூரியைவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன வருஷம் எங்களுக்கு இடி விழுந்தது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பாடம் இருந்தால்தான் ஒரு பணியிடத்துக்கு மானியம் வரும். லாஜிக் சாருக்குப் பாதி மணி நேரம் பி.யூ.சி.யில்தான் இருந்தது. எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். விஞ்ஞானக்காரர்களுக்கு ஆய்வுக்கூட நேரம் இருந்ததால் தப்பித்தார்கள். எங்களைப் போன்றவர்களைத்தான் கூட்டம் போட்டு உட்காரவைத்தார்கள்.

கூட்டத்தில் தாளாளர் பேசினார். பக்கத்துக் கிராமத்தில் நிலம், ஊருக்குள் அரிசி ஆலை, கட்சியிலும் ஆள். கெட்டவர் இல்லை. கல்லூரிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர். "கோவிச்சுக்காதீங்க. லாஜிக் படிச்ச புள்ள இன்னா வேலைக்குப் போவான்? ஹிஸ்டரி படிச்சவன் எங்க போவான்? பி.காம். கேட்டுகினு ஜனம் வாசல்ல நிக்குது. மானியத்தைக் கொறைக்கிறாங்க. நான் இன்னா பண்ண?" என்றார்.

நான் எழுந்தேன். கையோடு திருமுக்கூடல் கல்வெட்டின் படியைக் கொண்டுபோயிருந்தேன். நானும் மாணவர்களும் போய் எடுத்து வந்தது. சோழர் காலத்தில் திருமுக்கூடல் கோயிலிலேயே படிப்பவர்களுக்குச் சாப்பாடு, சொல்லிக்கொடுப்பவர்களுக்கு நெல், வைத்தியருக்கு நெல் என்று நிவந்தம் எழுதிவைத்த கல் அது. "அன்னைக்கே இந்த ஊர்ப் பக்கத்தில், என்ன வேலைக்குப் போவான் என்று கேட்காமல் படிக்கவைத்திருக்கிறார்கள்" என்று ஆவேசமாகப் பேசினேன். பேசி முடித்ததும் எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

தாளாளர் பொறுமையாகக் கேட்டார். "நல்லா சொன்னீங்கம்மா. கல்லு இருக்குது. அந்தப் பள்ளிக்கூடம் எங்கம்மா இருக்குது?" என்றார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். லாஜிக் சார் மட்டும் சிரிக்கவில்லை. "சரியான கேள்விதான்" என்று என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். அது ஆறுதலா கண்டிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பி.ஏ. வரலாறு முதல் வருஷ மாணவர்கள் துணைப்பாடமாகத் தர்க்கமோ அரசியலோ எடுக்கலாம். முடிவாகும்வரை இரண்டு பாடமும் எல்லோருக்கும் நடக்கும். பத்துப் பேராவது தர்க்கம் கேட்டு எழுதிக்கொடுத்தால் தர்க்கம் மட்டும் நடக்கும், தத்துவத் துறை இருக்கும். இல்லாவிட்டால் எல்லோரும் அரசியலுக்கு வர வேண்டும். அரசியல் நடத்துவது வரலாற்றுத் துறையின் வேலை, அதாவது என் வேலை. ஆக, அந்த மணி நேரம் யாருக்குப் போகிறதோ அவர் தப்பிப்பார். மற்றவர் வீட்டுக்குப் போவார். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வர வேண்டும் என்றார் பிரின்சிபால்.

லாஜிக் சார் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. "அண்ணன் பொண்ணு கல்யாணம்மா. செவ்வாய், புதன், வியாழன் லீவு. வெள்ளிக்கிழமை காலைல வந்து நானே பட்டியலைக் குடுத்துடறேன். நீங்க கல்யாணத்துக்கு வரணும்" என்று மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார். நான் போகவில்லை. பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெட் கிளார்க் ஆசிரியர் அறைக்கு வந்தார். மற்ற எல்லாத் துறைப் பட்டியலும் வந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி, மெட்ராஸுக்குப் போகிற கவர் இதற்காகக் காத்திருக்கிறது என்றார். "அவர் நாளைக்கு வரார்" என்றேன். "உங்க வகுப்புப் பிள்ளைங்கதானே மேடம். நீங்களே கேட்டு எழுதிக் குடுத்துட்டா இன்னைக்கே ரிஜிஸ்தர் பண்ணிடுவேன். நீங்க எப்பவும் ஒரு நாள் முன்னாடியே குடுக்கிறவங்களாச்சே" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது போதுமாக இருந்தது.

வகுப்பில் பேர் பதிந்தவர்கள் பதினெட்டு. வந்திருந்தவர்கள் பதினொருவர். ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து எழுதச் சொன்னேன். ஆறு பேர் தர்க்கம், ஐந்து பேர் அரசியல். வராத ஏழு பேரைப் பற்றி யோசித்தேனா என்றால், யோசித்தேன். கல்லூரி திறந்து இத்தனை நாளாகியும் எட்டிப் பார்க்காதவர்களுக்குப் பாடம் எதுவானால் என்ன என்றுதான் யோசித்தேன். ஆறு என்று எழுதினேன். மனசின் ஒரு மூலையில், ‘அப்பாடா, நான் தப்பித்தேன்’ என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அதைக் கேட்காத மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் லாஜிக் சார் கல்யாண வீட்டு மஞ்சள் பையோடு வந்தார். ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு லட்டு. பையை என் மேசைமேல் வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். "ஆறு பேர் போன வாரமே எங்கிட்ட சொன்னாங்க. இன்னும் வராத ஏழு பேரும் இதைத்தான் எடுப்பாங்க, மொத்தம் பதிமூணு வருது. இப்பவே எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

"நேத்தே போயிடுச்சு சார்" என்றேன்.

"எது?"

"பட்டியல். ஆறு பேர்னு."

அவர் பதிவேட்டைத் திறக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "வராதவங்க எல்லாம் வேணான்னவங்க இல்லம்மா" என்றார். கோபமே இல்லை. வகுப்பில் ஒரு மாணவியின் தப்பைக் காட்டுகிற குரல்தான். "ஆனி முகூர்த்தம் முடியிற வரைக்கும் பிள்ளையார்பாளையத்துப் பசங்க தறியை விட்டு எழுந்துக்க முடியாது. சேர்க்கைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. ஆடி பொறந்தா வந்துடுவாங்க. வருஷா வருஷம் இதானே நடக்குது?"

நான்கு வருஷமாக அதே கல்லூரியில் இருந்தேன். அந்த ஊரிலேயே பிறந்து முப்பத்தொரு வருஷமாக இருந்தேன். எனக்குத் தெரியாது.

நம்பாமல்தான் போனேன் என்று சொன்னால் அது பொய். அவர் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஒரு மாணவியின் முகவரியை எழுதிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன். அந்தத் தெருவில் எந்த வாசலைத் தாண்டினாலும் தறிச் சத்தம். உறவில் ஒரு கல்யாணம் விடாமல் பட்டுக் கட்டிக்கொண்டு போனவள் நான். தறி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பெண் அப்பாவுக்குப் பக்கத்தில் தறியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவை. நெய்கிறவர் ஒருவர் போதாது. கரைக்கான நூலை ஏந்திப் போகும் நாடாவை ஓரத்திலிருந்து தள்ள இன்னொருவர் வேண்டும். அவள் கையை எடுத்தால் தறி நின்றுபோகும். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். முடியவில்லை. "மிஸ், உக்காருங்க மிஸ். இதோ வந்துடறேன்" என்றாள். முகமெல்லாம் வெட்கம். அம்மா உள்ளேயிருந்து தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அப்பா நாடாவை நிறுத்தாமலே பேசினார். "இன்னும் பத்து நாளும்மா. முகூர்த்தப் புடவை. குடுத்துட்டா அனுப்பிடறேன். பேரை மட்டும் அடிச்சிடாதீங்க. லாஜிக் சார் ஆடி வரைக்கும் அடிக்க மாட்டாரு, அவருக்குத் தெரியும்."

"நான் லாஜிக்தான் எடுக்கப் போறேன் மிஸ். நாங்க ஏழு பேரும் பேசிக்கினோம். சார்கிட்ட சொல்லிடறீங்களா?" என்றாள் அவள்.

நான் ‘சரி’ என்று தலையாட்டினேன். மோரைக் குடித்தேன். அவர்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, நடந்ததில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே வந்தேன். கல்வெட்டில் எந்த வைத்தியனுக்கு என்ன நிவந்தம் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஏழு இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று தெரியவில்லை. என்ன படிப்பு படித்தேனோ தெரியவில்லை.

திங்கட்கிழமை பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் ஆர்டர் வரலை. வந்தவங்களை மட்டும் கேட்டுத் தப்பா எழுதிட்டேன்னு நீங்க ஒரு கடிதம் குடுத்தா அனுப்பிப் பாக்கலாம். ஆனா யோசிச்சுக் குடுங்க. பாலிடிக்ஸ் போச்சுன்னா உங்க போஸ்ட் நிக்காது. சர்வீஸ்ல நீங்கதான் ஜூனியர்" என்றார்.

கடிதத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன். அதில் என் பழக்கத்தை விடவில்லை. ஆங்கிலத்தில், பிழையில்லாமல், தேதி போட்டு, மடித்துக் கைப்பையில் வைத்தேன். கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

வீட்டில் அப்பாவிடம், வேலை போனாலும் போகலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போனா போறதும்மா. ஆத்துல இரேன். நோக்கு என்ன குறை?" என்றார் அன்பாக. சமையலறையில் அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலேயே வீட்டுக்காரரை இழந்து எங்களோடு வந்து தங்கியவள். அவளுக்கும் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. அவளைப் பார்த்தேன். மறுநாள் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கொடுக்கவில்லை. பிரின்சிபால் வராந்தாவில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கெடு தேதி இல்லாத ஒரே காரியம் அதுதான். அதனாலேயே அது நடக்கவில்லை.

ஆடி பிறந்தது. ஏழு பேரும் வந்தார்கள். சொல்லிவைத்த மாதிரி ஒரே நாளில், விரல்களில் சாயமும் தறியின் தழும்புமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதே வாரம் மெட்ராஸிலிருந்து ஆர்டரும் வந்தது. தத்துவத் துறை மாசக் கடைசியோடு மூடப்படுகிறது.

அந்தப் பெண்தான் எழுந்து கேட்டாள். "மிஸ், லாஜிக் சார் வகுப்பு எப்போ மிஸ்?"

"லாஜிக் கிடையாது. வேணும்னு யாரும் கேக்கலையாம்" என்றேன்.

அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களை யாரும் கேக்கவே இல்லையே மிஸ்" என்றாள். குற்றம் சொல்லவில்லை. புரியாமல் கேட்டாள். நான் அரசியல் புத்தகத்தைத் திறந்து முதல் பாடத்தின் தலைப்பைப் பலகையில் எழுதினேன்.

கடைசி நாள் லாஜிக் சார் அலமாரியைக் காலி செய்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். தாமலில் தம்பியோடு நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். என் கைப்பை மேசைமேல் இருந்தது. அதற்குள் அந்தக் கடிதம் இருந்தது. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். பிரின்சிபால் சொல்லியிருப்பார்.

"சார்..." என்று ஆரம்பித்தேன். அழுதுவிட்டேன்.

"அட, இன்னாம்மா இது" என்றார். "நீங்க எழுதிக் குடுத்தா நீங்க போவணும். குடுக்கலைன்னா நான் போவணும். எப்படிப் பாத்தாலும் ஒரு ஆள் போய்த்தான் ஆவணும். இதுல லாஜிக்குக்கு வேலையே இல்லம்மா." மூடாத அலமாரிக் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். "ஆனா அந்தப் பசங்களைக் கேட்டிருக்கலாம்" என்றார்.

பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அதற்குப் பிறகு அவரைக் கோயில் விசேஷத்தில் ஒருமுறை தூரத்தில் பார்த்தேன். அவர் பார்ப்பதற்குள் வேறு தெருவில் திரும்பிவிட்டேன். நான் அதே கல்லூரியில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். இன்றைக்கு எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

லாஜிக் சார் போன அந்த வாரம், நான் அலுவலகத்தில் கொடுத்த அவருடைய பதிவேட்டை ஹெட் கிளார்க் திருப்பி அனுப்பியிருந்தார். மூடுகிற துறையின் கணக்கை முடித்து அனுப்ப வேண்டும், ஆடிட்டில் பென்சில் புள்ளியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மையால் பூர்த்தி செய்து தரவும் என்று ஒரு சீட்டு. மறுநாள் கொடுத்தால் போதும். நான் அன்றைக்கே எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மாணவர்களைப் புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு மேசையில் பதிவேட்டைத் திறந்தேன்.

ஏழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பென்சில் புள்ளிகள். அவற்றின்மேல் ஒவ்வொன்றாக மையால் ‘ஏ’ போட்டுக்கொண்டு வந்தேன், வரவில்லை, வரவில்லை என்று. ஏழு பேரும் எனக்கு எதிரே உட்கார்ந்து தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.